காணிக்கைத் தட்டில் வைத்த பாஸ்போர்ட்

12 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு, ரீபா.

போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுகிறீர்கள். பதிலுக்கு நானும் போடுகிறேன். நடுவில் அம்மா போனை வாங்கி, "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். வாட்ஸ்ஆப்பில் எழுதலாம் என்றால் அதை அம்மா பார்ப்பாள். அம்மா பார்த்தால் ஜாஸ்பர் மாமா பார்த்த மாதிரி. அதனால்தான் கையால் எழுதி, படம் எடுத்து, ஜெராக்ஸ் கடை ஹமீது பீவி அக்காவின் மெயிலுக்கு அனுப்புகிறேன். பிரின்ட் எடுத்து உங்கள் கையில் மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பதிலை அங்கேயே கொடுங்கள்.

விஷயம் ஒன்றுதான். எனக்கு என் பாஸ்போர்ட் வேண்டும்.

விசா ஜூலை கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் மூன்றாம் வருடத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். பாஸ்போர்ட் டைட்டஸ் அண்ணனின் இரும்பு அலமாரியில் கிடக்கிறது. ஊரில் பிள்ளைகளைப் பிடித்து வெளிநாட்டுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்புகிறவர் மாமா. இங்கே எங்களைத் தன் ஹாஸ்டலில் வைத்து, தன் மெஸ்ஸில் சோறு போடுகிறவர் டைட்டஸ் அண்ணன். குளிர்காலம் முழுக்க அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கேட்டதற்கு, போர்வை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நானும் என் அறையில் இருக்கிற ஜாய்சியும் யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்கே மாறிக்கொள்கிறோம் என்று சொன்னோம். அன்றிலிருந்து அலமாரிச் சாவியைக் காணோம். "ஆறு வருஷமும் எங்கிட்ட இருக்கதாத்தான் பேச்சு. ஒங்க மாமாகிட்ட கேளு," என்கிறார். மாமாவிடம் கேட்டால், "டைட்டஸ்கிட்ட கேளு மக்கா," என்கிறார்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, நம் சேகரத்துச் சபைப் பிள்ளைகள் எல்லார் பாஸ்போர்ட்டையும் காணிக்கைத் தட்டில் வைத்து நீங்கள்தான் பீடத்துக்குக் கொண்டுபோனீர்கள். பரீட்சை ஹால் டிக்கெட்டும் புது வண்டிச் சாவியும் வைத்து ஜெபிப்பது நம் கோயில் வழக்கம்தான். ஆனால் ஹால் டிக்கெட்டை ஜெபம் முடிந்ததும் அவரவர் கையில் கொடுத்துவிடுவீர்கள். பாஸ்போர்ட்டை மட்டும் தட்டோடு மாமாவிடம் கொடுத்தீர்கள். பீடத்திலிருந்து வந்ததை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விமானம் ஏற மட்டும் அது எங்கள் கைக்கு வந்தது. இறங்கியதும் டைட்டஸ் அண்ணன் பைக்குள் போய்விட்டது. மாமா அவருக்குக் கொடுத்துவிட்ட அல்வாவையும் நானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன்.

மாமாவிடம் நேரில் போய்க் கேளுங்கள் அப்பா. உங்களால் முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நான் எம்பஸிக்குப் போகிறேன்.

ரீபா


20 மே 2024

அன்பு மகள் ரீபாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. ஹமீது பீவி படிக்காமல்தான் மடித்துக் கொடுத்தேன் என்கிறாள். நம்பினேன்.

நீ கேட்டபடி டவுனுக்குப் போய் வந்தேன். தேரடிக்குப் பக்கத்தில் துணிக்கடை மாடியில் உன் மாமன் ஆபீஸைப் பெரிதாக்கியிருக்கிறான். சுவரெல்லாம் நீங்கள் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிற படங்கள். உன் படம் நடுவில் இருக்கிறது. ஏசி போட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து, "அத்தான், சின்னப் பிள்ளைய. கையில குடுத்தா தொலைச்சிட்டு வந்து நிக்கும். பத்திரமா இருக்குல்லா, நீங்க ஏன் பதறுதீய?" என்றான். விசா நாள் வரும்போது டைட்டஸே கூட்டிக்கொண்டு போவான் என்றும் சொன்னான். போன வருடமும் அப்படித்தானே செய்தான்?

எம்பஸி என்று எழுதியிருக்கிறாய். அது யுத்தம் வந்தால் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றி அனுப்ப இருக்கிறது. மாமனும் மருமகளும் பேசித் தீர்க்க வேண்டிய அலமாரிச் சாவிக்காக அல்ல. நீ அங்கே ஒரு தாளில் ஜாஸ்பர் என்று எழுதினால், அது இங்கே உன் அம்மாவின் தம்பி பெயர். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருத்தன்தான். மில்லில் முப்பது வருடம் நூல் சுற்றினேன். அறுந்த நூலைக்கூட முடிந்து ஓட்டத்தான் எனக்குத் தெரியும்.

ஹீட்டர் விஷயம் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. கம்பளிச் சட்டை அனுப்பட்டுமா?

அப்பா, நேசையா


9 ஜூன் 2024

அப்பாவுக்கு,

கம்பளிச் சட்டை வேண்டாம். இங்கே இப்போது வெயில் காலம்.

எம்பஸிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். மாதம் ஒருநாள் மாணவர்கள் குறை சொல்ல வரலாம் என்று வைத்திருக்கிறார்கள். தலைநகருக்கு ரயிலில் போனேன். ஒரு மேடம் இருந்தார்கள். பக்கத்தில் ஷிபின் என்று அங்கே வேலை பார்க்கிற மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர். தமிழ்க்குரல் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அழுதா எழுத முடியாது, கேட்டியா? மொதல்ல நடந்தத சொல்லு," என்றார்.

நான் நினைத்ததைவிட அதிகம் அவர்களால் செய்ய முடிகிறது. நான் நினைத்ததில் பாதி முடியவும் இல்லை. டைட்டஸ் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். யுனிவர்சிட்டிக்கு எழுதுவார்கள். அப்படியும் தராவிட்டால் பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து புதியது தருவார்கள். ஆனால் அலமாரியை உடைக்க அவர்கள் போலீஸ் இல்லை. விசா தவறினால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் முடியாது, அது இந்த நாட்டுச் சட்டம். எல்லாவற்றுக்கும் முதலில் என் பெயரில், என் கையெழுத்தோடு புகார் வேண்டும். யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று எழுத வேண்டும். அங்கேதான் மாமா வருகிறார்.

ஷிபின் அண்ணன் தன் பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே அச்சடித்திருப்பதைக் காட்டினார். இது இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று போட்டிருக்கிறது. என் பாஸ்போர்ட் எனக்கே சொந்தமில்லை அப்பா. அப்புறம் எப்படி டைட்டஸ் அண்ணன் அலமாரிக்குச் சொந்தமாகும்?

திரும்பி வந்து நம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசினேன். எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், ஒருவருக்கும் கையெழுத்துப் போட மனசில்லை. ஒருத்தியின் அப்பா பாடகர் குழுவில் மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாராம். இன்னொருத்தனின் தங்கையை இந்த வருடம் மாமாதான் அனுப்பப் போகிறாராம். ஜாய்சி, "ஒங்க மாமா, நீ போடு. எனக்கு எதுக்குட்டி வம்பு?" என்றாள்.

உங்களுக்காக மாமா பெயரை விட்டுவிட்டு, பாஸ்போர்ட் டைட்டஸ் அண்ணனிடம் இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாத முடிவுவரை பார்ப்பேன். அதற்குள் மாமாவை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ரீபா


19 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதுகிறேன். எல்லாம் சமாதானமாக முடிந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் சத்தியநேசன் ஐயா அறையில் சபைக் கமிட்டி கூடினோம். ஜாஸ்பரைக் கூப்பிட்டு வைத்து, நான் பொறுமையாகச் சொன்னேன். அவன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஐயா இரண்டு வார்த்தை சொன்னதும் இளகிவிட்டான். இந்த மாதத்துக்குள் எல்லாப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிடும் என்று எல்லார் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டான். ஐயா எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து ஜெபம் பண்ணினார். உன் அம்மா வெளியே நின்று அழுதாள். அன்றைக்கு மத்தியானம் ஜாஸ்பர் நம் வீட்டில்தான் சாப்பிட்டான்.

ஐயா முன்னால் கை கொடுத்துவிட்டு அந்நிய இடத்தில் புகாரை வைத்துக்கொண்டிருப்பது நன்றாகவா இருக்கும்? அதனால் ஹமீது பீவி கடையிலிருந்து நானே எம்பஸிக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டேன். நான் ரீபாவின் தகப்பனார், இது குடும்ப விஷயம், ஆலயத்தில் பேசித் தீர்ந்துவிட்டது, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று இங்கிலீஷில் நானே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த கடிதப் பாடம் இத்தனை வருடம் கழித்து உதவியது.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. மனசும் லேசாக இருக்கிறது.

அப்பா


14 ஜூலை 2024

அப்பா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

பாஸ்போர்ட் வரவில்லை. ஜூன் முடிவுவரை டைட்டஸ் அண்ணன் வாசலில் தினமும் போய் நின்றேன். "சபையில எல்லாம் முடிஞ்சிட்டாமே. அப்ப எங்கிட்ட எதுக்கு வார?" என்று சிரிக்கிறார். எம்பஸிக்குப் போன் செய்தேன். ஷிபின் அண்ணன் ஃபைலை எடுத்துப் பார்த்தார். "ஒன் அப்பா தீந்துபோச்சுன்னு எழுதியிருக்காரே மோளே. மேடம் மூடிட்டாங்க," என்றார்.

எனக்கு இருபது வயது முடிந்துவிட்டது அப்பா. புகார் கொடுத்தது நான். அதைத் தீர்ந்தது என்று சொல்ல நீங்கள் யார்? அந்த மேடம் யுனிவர்சிட்டிக்கு எழுதிய கடிதம் கையெழுத்தாகி, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்று இருந்திருக்கிறது. உங்கள் மெயில் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். டைட்டஸ் அண்ணன்கூட எனக்கு இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

மாமா உங்கள் கையைப் பிடித்தார், ஜெபம் பண்ணினார், நம் வீட்டில் சாப்பிட்டார். அன்றைக்கு அம்மா என்ன சமைத்தாள் என்றும் எழுதியிருக்கலாம்.

இனிமேல் எனக்காக எதையும் தீர்த்து வைக்காதீர்கள்.

ரீபா


22 ஜூலை 2024

ரீபாவுக்கு,

கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். ஹமீது பீவி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவளும் படித்திருக்கிறாள் என்று தெரிந்தது.

ஜாஸ்பர் போனை எடுக்கவில்லை. டவுனுக்குப் போனேன். பிள்ளை சேர்க்கிற கேம்ப்புக்கு நாகர்கோவில் போயிருப்பதாக ஆபீஸ் பெண் சொன்னாள். அவன் குரல் உள்ளறையில் கேட்டது. உட்கார்ந்து பார்த்தேன். கடைசி வரைக்கும் அவன் வெளியே வரவில்லை.

வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னேன். "எந்தம்பிய சந்திக்கு இழுத்தீங்கன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்," என்றாள். எனக்கும் கோபம் வந்தது. தட்டை எடுத்து வீசினேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

நீ எழுதியது ஒவ்வொன்றும் சுடுகிறது. ஆனால் சபையில் கை கொடுத்தவன் இப்படிச் செய்வான் என்று நான் எப்படி நினைப்பேன்?

அப்பா


20 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

விசா முடிந்துவிட்டது. இந்த நாட்டில் இப்போது நான் கள்ளத்தனமாக இருப்பவள். பஸ்ஸில் யூனிஃபார்ம் போட்ட யாரைப் பார்த்தாலும் முன்னால் இறங்கிவிடுகிறேன். செப்டம்பரில் மூன்றாம் வருடம் தொடங்குகிறது. முதல் தடவையாக ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகிற வருடம். பெயர்ப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை.

மற்றவர்கள் பெயர் இருக்கிறது. எம்பஸிக்குப் போகாதவர்களை மட்டும் டைட்டஸ் அண்ணன் கூட்டிக்கொண்டு போய் விசா புதுப்பித்துவிட்டு, பாஸ்போர்ட்டைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டார். ஜாய்சி புதுக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள். நான் அறைக்குள் வரும்போதெல்லாம் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

எம்பஸியில் மறுபடி புகார் கொடுத்தேன். இந்தத் தடவை மாமா பெயரையும் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் கேட்டதற்கு டைட்டஸ் அண்ணன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மாமா விளம்பரத்துக்குப் போட்டாரே, அதே படம். நீங்கள் வெள்ளை வேட்டியில் சிரித்துக்கொண்டு, பாஸ்போர்ட் நிறைந்த தட்டை மாமாவிடம் கொடுக்கிறீர்கள். பெற்றோர் சம்மதித்து ஒப்படைத்தது, தகப்பனாரே தீர்ந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார், பிள்ளை இப்போது பொய் சொல்கிறது என்று சொல்கிறார்.

மேடம் என்னை நம்புகிறார்கள். புதுப் பாஸ்போர்ட்டுக்கு வழி செய்வார்கள். ஆனால் டைட்டஸ் அண்ணன்மேல் யுனிவர்சிட்டிக்கு எழுத வேண்டுமானால், உங்கள் மெயிலும் படமும் குறுக்கே நிற்கின்றன. "ஒன் அப்பா ஒரு வரி எழுதித் தரட்டும். கொடுத்தது ஜெபத்துக்கு, வச்சுக்க இல்லன்னு. அது போதும்," என்றார் ஷிபின் அண்ணன்.

எழுதுவீர்களா, மாட்டீர்களா? இதற்கு மட்டும் பதில் போதும்.

ரீபா


9 செப்டம்பர் 2024

அன்பு மகள் ரீபாவுக்கு,

நீ கேட்டதை இன்று காலையில் எம்பஸிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வரி கேட்டாய், ஒரு பக்கம் ஆகிவிட்டது. இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உன் அம்மா. அவளுக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, தெரிந்து அனுப்பத் தைரியமும் வரவில்லை. நேற்றோடு அது முடிந்தது.

நேற்று ஞாயிறு. இந்த வருடம் புறப்படுகிற பிள்ளைகளுக்கான ஜெபம். நான்கு பேர். கடைசியில் நிற்கிறது மில் கேட்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறவளின் மகள் சாலோமி. ஜாஸ்பர் ஒன்றுமே நடக்காத மாதிரி முன்வரிசையில் நின்றான். படம் எடுக்க ஆள் கொண்டுவந்திருந்தான். தட்டு வழக்கம்போல் என் கையில். பீடத்துக்குக் கொண்டுபோனேன், ஐயா ஜெபித்துத் திருப்பிக் கொடுத்தார். ஜாஸ்பர் இரண்டு கையையும் நீட்டினான். படக்காரன் பக்கத்தில் வந்தான்.

நான் கொடுக்கவில்லை. மேலே இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துத் திறந்தேன். நீ எழுதியிருந்த இடத்தைத் தேடிப் பிடிக்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. "இது இந்திய அரசாங்கத்தின் சொத்து" என்று தமிழில் சொன்னேன். வேதபாடம் வாசிக்கிற குரல்தான் வந்தது, வேறு குரலில் எனக்கு அங்கே பேசத் தெரியாது. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்தேன். மூன்று கொடுத்தேன். நாலாவதை ஜாஸ்பர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டான். "அத்தான், கோயில்ல வச்சு இது என்ன வேல? பைய வெளிய போய்ப் பேசுவோம்," என்றான். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் என் தோளைப் பிடித்தார்கள். நான் அதோடு விட்டிருப்பேன், மகளே.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுந்து வந்தாள். நேரே தம்பி முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"குடுலே," என்றாள்.

"எக்கா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"என் பிள்ள பேரு லிஸ்ட்ல இல்ல. அது தெரியும். குடு."

அவன் கொடுத்தான். அவள் அதைச் சாலோமி கையில் வைத்து, அந்தப் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

உன் கடிதங்களை அவள் எப்படிப் படித்தாள் என்று கேட்காதே. ஹமீது பீவியைத் திட்டப் போனேன். அவள், "நாந்தான் வாசிச்சுக் காட்டுனேன் அண்ணாச்சி. பெத்தவளுக்குத் தெரியாண்டாமா?" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும்போது அம்மா, "ரெண்டு வருஷம் முன்ன நம்ம பிள்ளைக்கு இதச் செய்யலையே," என்றாள். என்னைச் சொன்னாளா, அவளைச் சொன்னாளா தெரியாது. நான் எழுந்து போய்விட்டேன். கமிட்டியிலிருந்து என்னை நீக்குவார்கள் போலிருக்கிறது. தட்டு எடுக்க வேறு ஆளைப் பார்க்கட்டும்.

அப்பா


6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

புதுப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. எம்பஸிக்கு நேரில் போய் வாங்கினேன். பழையது ரத்தாகிவிட்டதால் டைட்டஸ் அண்ணன் அலமாரியில் இருப்பது இனி வெறும் தாள். யுனிவர்சிட்டிக்கும் எழுதிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று டீன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஏழு பேர் கைக்கு வந்துவிட்டது. மூன்று பேர், எங்களுக்கு அது அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஜாய்சியும் ஒருத்தி. அவள் அப்பா சொன்னாராம்.

விசா அபராதம் கட்டினேன். மேடமும் கூடவே பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள், அதனால் நாடு கடத்தவில்லை. ஆனால் இந்த செமஸ்டர் போனது போனதுதான். பிப்ரவரியில் சேர்ந்து, எனக்குப் பின்னால் வந்தவர்களோடு படிக்க வேண்டும். ஜாய்சி காலையில் கோட்டு போட்டுக்கொண்டு வார்டுக்குப் போகிறாள். நான் யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் உட்கார்ந்து போன வருடப் பாடத்தையே படிக்கிறேன். ஜூலையிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. உங்கள்மேல் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அன்புள்ள என்று எழுத முடிகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஹீட்டர் வேலை செய்கிறது.

நேற்று அம்மா போன் செய்தாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. "பாஸ்போர்ட்ட எங்கட்டி வச்சிருக்க?" என்றாள். பையில்தான் இருக்கிறது என்றேன். "எடுத்துப் பாத்துச் சொல்லு," என்றாள். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, பையைத் திறந்து, எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ரீபா